புள்ளி வைக்காத கையெழுத்து

ஒப்புதல் படிவத்தின் கடைசி வரியில்
ஞானபபிரகாசம என்று இருந்தது.
புள்ளி ஒன்றுகூட இல்லை.
கணினியில் ஏற்றும்போது
நான்தான் இரண்டு புள்ளி வைத்தேன்.

வயது ஐம்பத்தெட்டு. ஊர் ஆண்டர்சன்பேட்டை.
தொழில் என்ற கட்டத்தில் சுரங்கம் என்று எழுதி, அடித்து,
மேலே செக்யூரிட்டி.

ஓசூர் ரோட்டில் லாரி போகும்போதெல்லாம்
எங்கள் மேசைக் குழாய்கள்
ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்.
அந்தச் சத்தத்தில்தான்
அவர் எலும்பு மஜ்ஜையிலிருந்து
எழுத்துகளைப் பிரித்தெடுத்தேன்.

பிழை இல்லை. நாலைந்து முறை பார்த்தேன்.
ஒன்பதாம் குரோமோசோமில்
'போதும், நிறுத்து' என்று செல்லுக்குச் சொல்லவேண்டிய மரபணு
பிறந்தபோது இருந்த மாதிரியே இருக்கிறது.
ஆனால் சி வருமிடத்திலெல்லாம் தலைமேல்
ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்.
க என்பதை க் ஆக்க எவ்வளவு மை வேண்டும்?
அவ்வளவுதான்.
மெய் கிடக்கிறது,
உயிர் இறங்கிப் போய்விட்டது.

கண்ணுக்குத் தெரியாது அந்தப் புள்ளி.
பைசல்ஃபைட் ஊற்றி இரவெல்லாம் சூட்டில் வைத்தால்
புள்ளியில்லாத சி எல்லாம் வேறெழுத்தாய் மாறிவிடும்.
புள்ளி வைத்தது மட்டும் அசையாது.
காலையில் திரை முழுக்க
வாயடைத்த சி, சி, சி.

மாதத்தில் ஏழு நாள் ஊசி,
வயிற்றுத் தோலுக்கடியில்.
விடியுமுன் மாரிகுப்பம் பாசஞ்சரில் ஏறி
ஏழு நாளும் வருவார்.
அந்த மருந்துக்குப் புள்ளியைத் துடைக்கத் தெரியாது.
புதிய செல் பழையதைப் பார்த்து எழுதும்போது
புள்ளி வைக்கிற கையைப் பிடித்துக்கொள்ளும்.
படியெடுக்க எடுக்கப்
புள்ளி குறையும்.

நான்காம் சுற்றில் ஒன்பதாம் குரோமோசோம் வாய் திறந்தது.
இருபதாயிரமாய் இருந்த தட்டணு தொண்ணூறாயிரம்.
"பல்லு தேச்சா ரத்தம் வரலம்மா" என்றார்,
மாதிரி வாங்கப் போன என்னிடம்.
அன்றுதான் கேட்டேன்,
ஏன் சார் புள்ளியே வைக்கிறதில்லை?
"இங்க மேசை ஏது? தொடைமேல வெச்சு எழுதறேன்.
புள்ளி வெச்சா பேப்பர் ஓட்டையாயிடும்.
படிக்கிறவங்களுக்குத் தெரியாதா
எங்க நிறுத்தணும்னு?"

ஓலையில் எழுதியவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.
படித்தவர்கள் தடுமாறினார்கள் என்பது வேறு விஷயம்.

ஆறாம் சுற்றின் மாதிரி
வெள்ளிக்கிழமை மாலை ஓடி முடிந்தது.
இருபதாம் குரோமோசோமில்
நான் தேடாத ஓரிடத்தில்
புள்ளிகள் உதிர்ந்திருந்தன.
அது தாய் வயிற்றில் பேசிய மரபணு.
பெருகு, பெருகு என்று
கையும் ஈரலும் ஆகும்வரை கத்திவிட்டுப்
பிறப்பதற்குள் வாயடைக்கப்பட்டது.
ஐம்பத்தெட்டு வருடம்,
சுரங்கத்து வெடிச்சத்தத்திலும் விழிக்காமல் கிடந்தது
இப்போது முனகுகிறது.
எழுத்துப் பார்த்தா கையைப் பிடிக்கிறது மருந்து?
பேசவேண்டியதும் பேசக்கூடாததும்
அதற்கு ஒரே சி.

அறிக்கையில் இதற்குக் கட்டம் இல்லை.
'பொருள் தெளிவாகவில்லை' என்ற குறிப்பில் சேர்த்தேன்.
டாக்டர் ஃபர்ஹானா இரண்டு முறை படித்துவிட்டு
தட்டணு எவ்வளவு என்றார்.
ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
"இன்னொரு சுற்று போகட்டும்.
அந்த இடத்தை மட்டும் மாதாமாதம் பார்."
அவர் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.
வீடு திரும்புகையில் டெய்ரி சர்க்கிள் சிக்னலில்
பச்சை விழுந்தும் நின்றுகொண்டிருந்தேன்,
பின்னால் ஹாரன்கள்.

ஏழாம் சுற்றுக்குப் புதுப் படிவம்.
நான் கேட்டதை நினைவில் வைத்திருக்கிறார்.
அழுத்தி ஒரு புள்ளி,
தப்பான எழுத்தின்மேல்:
ஞானபபிர்காசம.

ஸ்கேனர் அதைத் தூசி என்று நினைத்து
நீக்கிவிட்டது.
மூலப் படிவத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.
புள்ளி இருந்த இடத்தில்
ஊசிமுனையளவு
ட்யூப்லைட் தெரிந்தது.